ஏலத்துக்கு வராத சாக்கு

பழைய பள்ளி மேசைகளை விற்பவர்களுக்கென்று ஒரு மொழி உண்டு. ஓக் மரம், வார்ப்பிரும்புக் கால்கள், மைக்கூடு வைக்கும் துளை, தூக்கித் திறக்கும் சாய்வு மூடி, பேனா உருண்டு விழாமலிருக்க வெட்டிய பள்ளம், மூடியின் மேல் யாரோ ஒரு பிள்ளை கத்தி முனையால் கீறிய இரண்டு எழுத்துகள். இவையெல்லாம் வரிசையாக வந்த பிறகு, 'காலத்தின் வாசனை' என்பது போன்ற ஒரு தொடர் கட்டாயம் வரும். இங்கிலாந்தின் சிறு நகரங்களில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்து பாருங்கள். பூச்சாடியைச் சுமந்துகொண்டு இப்படியொரு மேசை மூலையில் நிற்கும். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதைப் பிள்ளையின் அறையிலோ வீட்டு முன்கூடத்திலோ வைக்கிறார்கள். அதில் உட்கார்ந்து யாரும் எழுதுவதில்லை.

ஒரு நூலின் பின்னட்டைக் குறிப்பைப் படிப்பதுபோல இந்த விற்பனை மொழியைப் படித்துப் பார்க்கலாம். அது பொய் சொல்வதில்லை. மரம் எது, இரும்பை வார்த்த தொழிற்சாலை எது, எந்தப் பத்தாண்டு என்பதையெல்லாம் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் எஞ்சி நிற்கும் பொருள் எதைச் சொல்ல முடியுமோ அதை மட்டுமே சொல்லும். நான் வேலை செய்யும் கணினித் துறையில் இது அன்றாடம் பார்க்கும் சங்கதி: தரவுத்தளம் பதிவு செய்துகொண்டவர்களைப் பற்றித்தான் பேசும், பதிவு செய்ய வாசல் இல்லாதவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. பள்ளித் தளபாடங்களின் வரலாறும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இருக்கை கிடைத்தவர்களின் வரலாறு அது.

முதலில் பொருளையே பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளி மேசையில் தற்செயல் என்று எதுவும் கிடையாது. ஒருவருக்கான மேசைகள் பலவற்றில் மைக்கூட்டுத் துளை வலது மேல் மூலையில் இருக்கும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை ஒன்று வகுப்பில் இருக்கக்கூடும் என்று மேசை நினைக்கவில்லை. அல்லது, அந்தப் பிள்ளை வலக்கைக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தது. இருக்கையும் எழுதுபலகையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். பிள்ளை தனக்கு வசதியாக எதையும் நகர்த்த முடியாது. எழுதுபலகையின் விளிம்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது ஒரு பெரிய சிக்கல். இடைவெளி அதிகமானால் பிள்ளை எழுதுவதற்குக் கூனிக் குனிய வேண்டும். இருக்கை பலகைக்கு அடியில் சற்று நுழைந்திருந்தால் முதுகு நிமிரும். ஆனால் எழுந்து நிற்க இயலாது. ஆசிரியர் உள்ளே வரும்போது எழுந்து நிற்காமல் எப்படி? அதற்காகத்தான் மடங்கும் இருக்கை வந்தது. இன்று பழம்பொருள் வியாபாரி பெருமையோடு மடக்கிக் காட்டும் அந்தக் கீலில், எழுதும் முதுகுக்கும் எழுந்து நிற்கும் மரியாதைக்கும் செய்துவைத்த சமரசம் இருக்கிறது.

இந்த மேசையின் முன்னோர்களைத் தேடிப்போனால் 1798இல் இலண்டன் சதர்க்கில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரிடம் வந்து நிற்போம். ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில், ஆசிரியர் ஒருவர். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையால் அவர் அந்தக் கூட்டத்தைச் சமாளித்தார். அதற்கு ஏற்றபடி கூடத்தின் நடுவே நீண்ட மேசைகளும் வாங்குகளும் வரிசை வரிசையாகப் போடப்பட்டன. எல்லா முகங்களும் ஒரே திசையை நோக்கின. முன்வரிசை சின்னஞ்சிறியவர்களுக்கு. அவர்களின் மேசையில் தாளும் இல்லை, மையும் இல்லை. விளிம்பு கட்டிய பலகையில் மணல் பரப்பியிருக்கும். பிள்ளை விரலால் எழுத்தை எழுதும், சட்டாம்பிள்ளை பார்ப்பான், பிறகு மணல் சமன்செய்யப்படும், அடுத்த எழுத்து.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பது நம்மில் சிலருக்குத் தெரிந்த கதைதான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னையில், ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை மேற்பார்வை செய்தார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கற்பதைக் கண்டார். அதை அவர் 'மலபார்' பள்ளி என்று குறிப்பிட்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். மணலைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதன்பின் பெல்லின் ஆதரவாளர்களும் லங்காஸ்டரின் ஆதரவாளர்களும் இந்த முறை யாருடைய கண்டுபிடிப்பு என்று நீண்ட காலம் சண்டையிட்டார்கள். லங்காஸ்டர் மேசைகளைக் கூடத்தின் நடுவே போட்டார். பெல்லின் வழிவந்த பள்ளிகள் அவற்றைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவே பிள்ளைகளைச் சதுரமாக நிறுத்தின. திண்ணையில் மணல் பரப்பிய வாத்தியாருக்கு இந்தச் சண்டை நடந்ததே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் 1830களில் எழுந்த பாடசாலை இன்றைக்கும் மட்ராஸ் கல்லூரி என்ற பெயரோடு நடக்கிறது. பெயர் எஞ்சியது. இலண்டன் மேசைகளும் சில எஞ்சின. மணல் எஞ்சவில்லை. மணல் எஞ்சாது, எழுதியதை அழித்துவிட்டு அடுத்ததற்கு இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. எந்த அருங்காட்சியகத்திலும் 'தமிழ்ப் பிள்ளை எழுதிய மணல்' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. ஆனாலும் அந்த விரல் அசைவு முழுக்க அழிந்துபோகவில்லை. விஜயதசமியன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒரு கோயிலில் ஏடு தொடக்கப்படும் பிள்ளை, பெரியவர் கைபிடிக்க, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதுகிறது. இங்கே பிறந்த உங்களில் பலரும் எழுதியிருப்பீர்கள். தளபாடமே இல்லாத ஒரு வகுப்பறையின் மிச்சம் அது.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. திண்ணை என்பது ஒரு வீட்டின் திண்ணை. அந்த வீட்டுத் தெருவுக்குள் வரக்கூடாதவர்கள் என்று சிலர் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு மணலும் இல்லை. இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

மேற்கில் கதை வேறு வழியில் போனது. 1847இல் கட்டப்பட்ட பொஸ்டனின் குவின்சி பள்ளியில் வகுப்புக்கு ஓர் அறை, பிள்ளைக்கு ஒரு மேசை, ஒரு கதிரை என்று ஒதுக்கினார்கள். நீண்ட வாங்கில் தோளோடு தோள் உரசி இருந்த பிள்ளைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டார்கள். ஹென்றி பார்னார்ட் போன்றவர்கள் பள்ளிக் கட்டடக்கலை பற்றி நூல்கள் எழுதி, மேசை வடிவங்களைப் படம் போட்டுப் பரப்பினார்கள். வார்ப்பிரும்பு மலிவானதும் தொழிற்சாலைகள் பெருகின. மேசைகள் திருகாணியால் தரையோடு பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் ஒரே மூச்சில் எழுந்தபோது, இலண்டன் பள்ளி வாரியத்தின் கட்டடக் கலைஞர் ஈ. ஆர். ராப்சன் இருவர் அமரும் மேசையைப் பரிந்துரைத்தார். கணக்கு எளிது. ஒற்றை மேசை இடத்தையும் பணத்தையும் விழுங்கும். நீண்ட வாங்கின் நடுவில் இருக்கும் பிள்ளையிடம் ஆசிரியர் போக முடியாது. இரட்டை மேசையில் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் ஒரு நடைவழி இருக்கும். கடைகளில் இன்று நாம் காணும் இருவர் மேசையின் வடிவத்தைத் தீர்மானித்தது பிள்ளைகளின் நட்பு அல்ல, ஆசிரியரின் நடை.

பிறகு மருத்துவர்கள் வந்தார்கள். சூரிச் நகரின் ஃபார்னர் 1865இல் பிள்ளையையும் பள்ளி மேசையையும் பற்றி ஒரு நூல் எழுதி, இடைவெளியையும் உயரத்தையும் அங்குலக் கணக்காக ஆராய்ந்தார். பிரெஸ்லாவின் கண் மருத்துவர் ஹெர்மான் கோன் 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்து 1867இல் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. உயர்தரப் பள்ளிகளிலோ நான்கில் ஒருவருக்கு. மோசமான வெளிச்சமும் மோசமான மேசையும் காரணங்கள் என்றார் அவர். அதன்பின் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் விதவிதமான 'அறிவியல்' வாங்குகள் வந்தன. அவற்றில் புகழ்பெற்றது 1890களில் வந்த ரெட்டிக் வாங்கு. பிள்ளைகள் போனபின் முழு வாங்கையும் பக்கவாட்டில் சாய்த்துவிட்டுத் தரையைக் கூட்டலாம். பிள்ளையின் முதுகுக்கும் துப்புரவுத் தொழிலாளியின் விளக்குமாற்றுக்கும் சேர்த்துச் சிந்தித்த பொருள் அது.

இந்த மேசைகளை முதலில் விமர்சனம் செய்தவர்களும் சளைத்தவர்களல்லர். ஜோன் டூயி 1899இல் சிக்காகோவில் ஆற்றிய உரைகளில், தம் பள்ளிக்கு மேசை தேடிக் கடை கடையாக அலைந்ததைச் சொல்கிறார். கடைக்காரர் ஒருவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: இவர் தேடுவது பிள்ளைகள் வேலை செய்வதற்கான பொருள், கடையில் இருப்பவையோ கேட்டுக்கொண்டிருப்பதற்கானவை. மரியா மொண்டசோரி இன்னும் கடுமையானவர். கூன் விழாத வாங்கு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிஞர்கள் பெருமைப்பட்டபோது, பிள்ளையின் முதுகை வளைக்கும் அளவுக்கு நீங்கள் அதை உட்காரவைத்ததல்லவா பிழை என்ற தொனியில் கேட்டார். 1907இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய பிள்ளைகள் இல்லத்துக்கு, சிறுவர்களே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான மேசைகளையும் கதிரைகளையும் செய்வித்தார். கதிரையை இழுத்துச் சத்தம் போட்டால் பிள்ளைக்கே தன் அசைவு புரியும்; அதுவும் கல்விதான் என்பது அவர் வாதம்.

நான் மதிக்கும் விமர்சனங்கள் இவை. ஆனால் லங்காஸ்டர் முதல் மொண்டசோரி வரை எல்லோரும் கேட்டது, பிள்ளை எப்படி உட்கார வேண்டும் என்ற ஒரே கேள்வியைத்தான். எந்தப் பிள்ளை உட்காரலாம் என்ற கேள்வி அந்த மேசைகளுக்கு முன்னால் இப்படி வெளிப்படையாக எழவில்லை. வறுமை பிள்ளையை வகுப்புக்கு வெளியே வைத்திருக்கும். உள்ளே வந்த பிள்ளைக்கு வாங்கில் ஓர் இடம் உண்டு. இரண்டாவது கேள்வி வாங்கின் மேலேயே கேட்கப்பட்ட இடம் யாழ்ப்பாணம்.

எங்கள் தமிழில் மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள். தமிழ்நாட்டில் பெஞ்சும் டெஸ்க்கும் ஆங்கிலம். நமக்குச் சொந்தமானவை பாய், பலகை, மணை, திண்ணை. அதாவது தரையும் தரைக்குச் சற்று மேலும். ஆகவே வாங்கு பாடசாலைக்குள் வந்தபோது மரத்தோடு உயரமும் சேர்ந்து வந்தது. யார் உயரத்தில், யார் தரையில் என்பதை எழுதப்படாத சட்டமாக வைத்திருந்த ஒரு சமூகத்தில் அந்த உயரம் உடனே அர்த்தம் பெற்றது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலையில் சேர்க்கப்பட்ட இடங்களிலும் அவர்கள் தரையில், அல்லது தனியே, அல்லது தணிந்த வாங்கில் இருத்தப்பட்டார்கள்.

1920களின் இறுதியில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று கல்வித் திணைக்களம் வலியுறுத்தியது. 'சம ஆசனம்' என்பது அந்தக் கோரிக்கையின் பெயர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸில் இருந்தவர்கள் அதை ஆதரித்தார்கள். எதிர்ப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தினார்கள். அரசாங்கத்துக்கு மனுக்கள் போயின. 1930ஐ ஒட்டிய காலத்தில் சம ஆசனத்தை நடைமுறைப்படுத்திய பாடசாலைகள் சில தீவைக்கப்பட்டன. ஒரு வாங்குக்காக ஒரு பாடசாலையையே எரிக்கத் துணிந்திருக்கிறார்கள். பள்ளித் தளபாடங்களின் உலக வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நிகழ்வைச் சேர்த்துக்கொண்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

ஏன் வாங்கு? பொஸ்டனின் ஒற்றை மேசையோடு ஒப்பிட்டால் விளங்கும். ஒற்றை மேசை பிள்ளைகளைப் பிரிக்கிறது. வாங்கு சேர்க்கிறது. ஒரே பலகை, நடுவில் தடுப்பு இல்லை, ஒருவர் அசைந்தால் மற்றவருக்குத் தெரியும், தோள் முட்டும், ஒருவரின் சூடு பலகையில் இருக்கும்போதே மற்றவர் வந்து உட்காருவார். தீண்டாமை என்பது தொடுவது பற்றிய ஒரு சட்டம் என்றால், வாங்கு அந்தச் சட்டத்தை ஒவ்வொரு நிமிடமும் மீறும் பொருள். மேற்கின் சீர்திருத்தக்காரர்களுக்கு நீண்ட வாங்கு கூட்டத்தையும் குழப்பத்தையும் நினைவூட்டிய பழைய பொருள்; அவர்கள் அதை ஒழிக்கப் பாடுபட்டார்கள். அதே வாங்கு யாழ்ப்பாணத்தில் தீவிரமான சமத்துவத்தின் கருவியாக இருந்தது. ஒரு பொருளின் அர்த்தம் அதன் மரத்தில் இல்லை.

தரையிலும் ஒரு தளபாடம் உண்டு. அம்பேத்கர் தம் பள்ளிக்காலத்தைப் பற்றி எழுதியதில் அது வருகிறது: வகுப்பின் ஒரு மூலையில் தனியே உட்கார ஒரு கோணிச் சாக்கு. பள்ளியைக் கூட்டும் பணியாள் அதைத் தொடமாட்டார். ஆகவே மாலையில் சிறுவன் அதை வீட்டுக்குத் தூக்கிச் சென்று, மறுநாள் காலை திரும்பக் கொண்டுவர வேண்டும். ரெட்டிக் வாங்கு துப்புரவுத் தொழிலாளிக்காகச் சாய்ந்து கொடுத்த அதே உலகத்தில், அதே காலத்தில்தான் இந்தச் சாக்கும் இருந்தது. நம்முடைய எழுத்தாளர் டொமினிக் ஜீவா, பள்ளியில் சாதியைச் சொல்லி அவமதிக்கப்பட்டுப் படிப்பை விட்டவர். பின்னர் தம் சவரக் கடையிலிருந்து 'மல்லிகை' இதழை நடத்தினார். அவர் விட்டுவந்த இடத்தை எந்த மேசையும் நினைவு வைத்திருக்காது. 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற அவரது தன்வரலாறு வைத்திருக்கிறது. பொருள் எஞ்சாத இடத்தில் எழுத்துதான் சாட்சி.

இங்கேதான் நம் சொந்த எழுத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய மாணவர் சங்கங்கள் வெளியிடும் மலர்களைப் புரட்டுங்கள். பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வாங்கு வரும். அதில் கீறிய பெயர், கடைசி வாங்குக் குறும்பு, மழைநாளில் ஈர மர மணம். என் தலைமுறைக்கு இன்னொரு நினைவும் உண்டு: பாடசாலைகள் அகதி முகாம்களானபோது மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின் மேல் பிள்ளைகளைப் படுக்கவைத்த இரவுகள். இந்த நினைவுகள் உண்மையானவை. அவற்றைக் குறைத்துப் பேசும் நோக்கம் எனக்கில்லை. என் குறை வேறு. இவற்றில் பெரும்பாலானவை பழம்பொருள் வியாபாரியின் குறிப்பைப் போலவே எழுதப்படுகின்றன. மரம் இருக்கிறது, கீறல் இருக்கிறது, மணம் இருக்கிறது. அந்த வாங்கில் உட்காராதவர் யார் என்ற கேள்வி இல்லை. எங்கள் பாட்டன்மார் படித்த காலத்துப் படங்களை மலரில் போடுகிறோம். அந்த வகுப்பில் யார் தரையில் இருந்தார்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதியதைக் காண்பது அரிது. கேட்கக்கூடியவர்கள் வருடாவருடம் குறைந்துகொண்டு போகிறார்கள்.

இது நினைவோடு நின்றுவிடுவதுமில்லை. சங்கங்கள் ஊருக்கு மேசையும் கதிரையும் அனுப்புகின்றன, நல்ல காரியம். கதிரையின் முதுகில் 'அன்பளிப்பு' என்று அன்பளித்தவரின் பெயரும் நாடும் எழுதப்படுகின்றன. ஆனால் சங்கம் இருப்பது வெளிநாட்டுக்கு வந்த பழைய மாணவர்கள் உள்ள பாடசாலைகளுக்கு. அக்காலத்தில் யாருக்கு வாங்கு கிடைத்ததோ அவர்கள்தாம் படித்து, பணம் புரட்டி, விமானம் ஏற வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆகவே பழைய வாங்கின் வரிசை புதிய கதிரையின் வரிசையையும் ஓரளவு தீர்மானிக்கிறது. அடுத்த முறை தளபாடத்துக்காகக் காசு சேர்க்கும்போது, நம் பாடசாலைக்குப் பக்கத்தில், வெளிநாட்டில் ஒரு சங்கமும் இல்லாத பாடசாலை எது என்று கேட்டால் அதுவே ஒரு விமர்சனச் செயல்தான்.

இலண்டன் கிழக்கில், பர்னார்டோ ஏழைப் பிள்ளைகளுக்கு நடத்திய பள்ளிக் கட்டடம் இன்று ராகட் ஸ்கூல் அருங்காட்சியகம். விக்டோரியா காலத்து வகுப்பறையை அங்கே மீண்டும் அமைத்திருக்கிறார்கள். சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் பழைய மேசைகளில் அமர்ந்து சிலேட்டில் எழுதிப் பார்க்கிறார்கள். அங்கே போகும் நம் பிள்ளைகள், இது யாருடைய வரலாறு என்று கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் விஷயம் இருக்கிறது. மணலில் எழுதும் முறை நம் பக்கத்திலிருந்தும் இங்கே வந்தது என்று சொல்லலாம், பெருமையாகவே சொல்லலாம். அதோடு நிறுத்திவிடாமல் சாக்கைப் பற்றியும் எரிந்த பாடசாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால், மெருகேற்றிய ஓக் மேசையை விற்கிறவரிடமிருந்து நாம் வேறுபடவில்லை. சாக்கு எந்த ஏலத்துக்கும் வராது. அதை யாராவது எழுதினால்தான் உண்டு.